இரு கரைகள், ஒரு பாலம்: நாடுகளை இணைக்கும் பாலங்களின் உரிமையும் நிர்வாகமும்

ஒரே நாட்டுக்குள் ஓடும் ஆற்றின் மீது பாலம் கட்டும்போது எழாத கேள்விகள், அந்த ஆற்றின் நடுவே நாட்டெல்லை செல்லும்போது ஒன்றன்பின் ஒன்றாக எழுகின்றன. உள்நாட்டுப் பாலத்தை நெடுஞ்சாலைத் துறையோ ரயில்வேயோ கட்டுகிறது. தூணில் விரிசல் கண்டால் அதே துறை பழுது பார்க்கிறது. விபத்து நேர்ந்தால் எந்தக் காவல் நிலையம், எந்த நீதிமன்றம் என்பதில் ஐயமில்லை. எல்லையைக் கடக்கும் பாலத்திலோ, நடுக்கோட்டுக்கு இப்பால் ஒரு நாட்டின் சட்டமும் அப்பால் மற்றொரு நாட்டின் சட்டமும் செல்லுபடியாகின்றன. ஆனால் பாலத்தின் மீது ஏறும் சுமையோ, இரும்பில் படரும் துருவோ அந்தக் கோட்டோடு நிற்பதில்லை. ஆகவே பாலம் யாருக்குச் சொந்தம், அதற்கான கடனை யார் அடைப்பது, அதில் மணிக்கணக்கில் காத்துக்கிடக்கும் மக்களுக்கு யார் பொறுப்புக் கூறுவது என்னும் மூன்றையும் இரு அரசுகளும் எழுதி ஒப்பமிட்டாக வேண்டும். பாலம் கட்டும் பொறியியல் கடந்த ஒன்றரை நூற்றாண்டில் பெரும் உயரத்தை எட்டியிருக்க, இந்த எழுத்து வேலை பல இடங்களில் அரைகுறையாகவே நிற்கிறது. எல்லைப் பாலம் ஒன்று மக்களுக்கு நன்கு பயன்படுவதும் படாமற்போவதும் அதன் நீளத்தையும் தூண்களின் வலிமையையும் விட, அதை வைத்திருக்கும் அமைப்பின் தன்மையையே பெரிதும் சார்ந்திருக்கின்றன என்பதைப் பல நாடுகளின் அனுபவம் காட்டுகிறது.

இதில் முதலில் பிரித்தறிய வேண்டியது, ஒவ்வோர் எல்லைப் பாலத்திலும் இரு வகை அமைப்புகள் பணியாற்றுகின்றன என்பதாகும். ஒன்று, பாலத்தைக் கட்டிப் பராமரித்து, கடப்பவர்களிடம் பாலக் கட்டணம் வசூலிக்கும் ஆணையம் அல்லது நிறுவனம். மற்றொன்று, பாலத்தின் இரு முனைகளிலும் அமர்ந்து கடவுச்சீட்டையும் சரக்கையும் சோதிக்கும் குடிநுழைவு, சுங்கத் துறைகள். முதல் வகைக்கு வண்டிகள் விரைந்து செல்வதே வருமானம். இரண்டாம் வகைக்குத் தவறான ஆளோ பொருளோ நுழையாமல் தடுப்பதே கடமை. இரண்டும் நியாயமான நோக்கங்கள்தாம் என்றாலும், ஒன்றின் முடிவால் மற்றொன்று பாதிக்கப்படும்போது இரண்டுக்கும் மேலே நின்று தீர்ப்புச் சொல்ல ஓர் இடம் பெரும்பாலான பாலங்களில் இல்லை.

அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையே ஓடும் நயாகரா ஆற்றில் இந்த நிர்வாகச் சோதனைகள் மிக முன்னரே தொடங்கின. 1848ஆம் ஆண்டு, ஆழமான அந்தப் பள்ளத்தாக்கின் குறுக்கே முதல் கம்பியைக் கொண்டு செல்ல வேறு வழியின்றிப் பட்டம் விடும் போட்டி ஒன்று நடத்தப்பட்டது. ஹோமன் வால்ஷ் என்னும் சிறுவன் பறக்கவிட்ட பட்டத்தின் நூல் மறுகரையில் சிக்க, அதைப் பற்றி மேலும் மேலும் தடித்த கயிறுகளை இழுத்து, சார்லஸ் எல்லட் என்னும் பொறியாளர் அங்கே முதல் தொங்கு பாலத்தை அமைத்தார். அக்காலப் பாலங்களைத் தனியார் நிறுவனங்களே கட்டின. 1938 ஜனவரியில் ஆற்றில் குவிந்த பனிக்கட்டிகள் மோதி, 'தேனிலவுப் பாலம்' என்று மக்கள் அழைத்த இரும்பு வளைவுப் பாலம் அப்படியே சரிந்து விழுந்தது. அதற்கு மாற்றாகப் புதிய பாலத்தைக் கட்டும் பொறுப்பு தனியாரிடம் விடப்படவில்லை. அதே ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தீர்மானத்தின் வழியே நயாகரா அருவிப் பால ஆணையம் பிறந்தது. எட்டு உறுப்பினர்களில் இரு கரையினரும் சரிபாதி இடம்பெறும் இந்த ஆணையம் 1941இல் ரெயின்போ பாலத்தைத் திறந்தது. இன்று அதனுடன் வேர்ல்பூல், லூயிஸ்டன்–குயின்ஸ்டன் ஆகிய பாலங்களையும் சேர்த்து நடத்துகிறது. வரிப்பணத்தை நம்பாமல், பாலக் கட்டணத்தையும் வாடகை வருமானத்தையும் கொண்டே இயங்குவது இதன் சிறப்பு.

அதே ஆற்றின் தென்முனையில் 1927இல் திறக்கப்பட்ட அமைதிப் பாலத்தின் கதையும் இதை ஒத்ததே. தனியார் நிறுவனமாகத் தொடங்கிய அது, 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் கடன் சுமையால் தள்ளாட, நியூயார்க் மாநிலச் சட்டமும் கனடிய நாடாளுமன்றச் சட்டமும் சேர்ந்து அதை ஒரு பொது ஆணையத்தின் கைக்கு மாற்றின. பத்துப் பேர் கொண்ட நிர்வாகக் குழுவில் ஐவர் ஒரு கரை, ஐவர் மறுகரை. இத்தகைய சரிபாதி அமைப்பில் ஒரு சிக்கல் உள்ளார்ந்து இருக்கிறது: ஐந்துக்கு ஐந்து என்று குழு பிளந்தால் வேலை நின்றுபோகும். 2013இல் அமெரிக்கக் கரையின் விரிவாக்கப் பணிகள் தாமதமாவதாகக் குற்றஞ்சாட்டிய நியூயார்க் மாநில அரசு, ஆணையத்தையே கலைக்கும் சட்டத்தைக் கையில் எடுத்தது. பின்னர்ப் பேச்சுவார்த்தையில் அது தணிந்தது. எனினும் அந்தச் சச்சரவு பொதுவெளியில் நடந்தது, இரு நாட்டுப் பத்திரிகைகளும் அதை எழுதின, அரசுகள் விடை சொல்ல வேண்டியிருந்தது. பொது உரிமையின் மதிப்பு இங்கேதான் இருக்கிறது: தவறும் தாமதமும் நேரும்போது அவற்றைக் கேட்பதற்கு மக்களுக்கு ஒரு வாசல் இருக்கிறது.

அந்த வாசல் இல்லாத நிலை எப்படியிருக்கும் என்பதை அறிய டெட்ராய்ட் ஆற்றுக்குச் செல்ல வேண்டும். அமெரிக்காவின் டெட்ராய்ட்டையும் கனடாவின் வின்ட்சரையும் இணைக்கும் அம்பாசடர் பாலம் 1929 நவம்பரில் திறக்கப்பட்டது. அதன் நடுக்கண், அதாவது இரு கோபுரங்களுக்கு இடையே ஆற்றில் கால் ஊன்றாமல் தாவும் பகுதி, 564 மீட்டர். நியூயார்க்கில் ஜார்ஜ் வாஷிங்டன் பாலம் வரும்வரை உலகில் அதுவே நீளமான தொங்கு கண்ணாக இருந்தது. பாலத்தைத் தனியார் கட்டலாமா என்ற கேள்வி 1927இல் டெட்ராய்ட் வாக்காளர்கள் முன் வைக்கப்பட்டு, பெரும்பான்மையினர் ஆம் என்றனர். அரசிடம் பணமில்லாத காலத்தில் தனியார் முதலீடு முன்வந்ததைக் குறை சொல்ல இயலாது. ஆனால் அந்த முடிவு எத்தனை தலைமுறைகளைக் கட்டிப்போடும் என்று அன்று எவரும் எண்ணிப் பார்த்திருக்க முடியாது. 1979இல் மேனுவல் மொரூன் என்னும் சரக்குப் போக்குவரத்துத் தொழிலதிபர் பாலத்தை வாங்கினார். அதன்பின் வட அமெரிக்க வாகன உற்பத்தி இரு கரைகளிலும் பின்னிப் பிணைந்து வளர, இரு நாட்டு வணிகத்தில் ஏறத்தாழ கால் பங்கு ஒரே குடும்பத்தின் நான்கு தடப் பாலத்தின் வழியே செல்லும் நிலை உருவானது.

இதன் விளைவை வின்ட்சர் நகர மக்கள் நாள்தோறும் அனுபவித்தனர். கனடாவின் 401ஆம் நெடுஞ்சாலையில் தடையின்றி வரும் சரக்கு வண்டிகள் பாலத்தை அடைய நகரத் தெருவின் வழியே, பல போக்குவரத்து விளக்குகளில் நின்று நின்று, வீடுகளையும் பள்ளிகளையும் ஒட்டி ஊர்ந்தன. மாற்றுப் பாலம் வேண்டும் என்று கனடிய அரசு கேட்டபோது, மிச்சிகன் மாநிலச் சட்டமன்றம் 2011இல் அதற்கு இசையவில்லை; பால நிறுவனம் அதைக் கடுமையாக எதிர்த்தது. ஆளுநர் ரிக் ஸ்னைடர் சட்டமன்றத்தை நாடாமல், உள்ளாட்சி அமைப்புகளும் பிற அரசுகளும் தமக்குள் உடன்படிக்கை செய்துகொள்ள மாநிலச் சட்டம் தரும் அதிகாரத்தைப் பயன்படுத்தி, 2012 ஜூனில் கனடியப் பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பருடன் ஒப்பந்தம் செய்தார். அதே ஆண்டு நவம்பரில், எந்தப் புதிய பன்னாட்டுப் பாலத்துக்கும் மக்கள் வாக்கெடுப்பு கட்டாயம் என்று மாநில அரசமைப்பைத் திருத்தும் முன்மொழிவுக்குப் பால நிறுவனம் பெரும்பணம் செலவிட்டும், வாக்காளர்கள் அதை நிராகரித்தனர்.

2012 ஒப்பந்தத்தின் உள்ளடக்கம், இந்தத் துறையில் ஆர்வமுள்ள எவரும் ஊன்றிப் படிக்க வேண்டிய ஒன்று. புதிய பாலம் கனடாவுக்கும் மிச்சிகனுக்கும் பொதுச் சொத்து. ஆனால் செலவு முழுவதும் கனடாவினுடையது. அமெரிக்கக் கரையிலுள்ள சோதனைச் சாவடி வளாகமும், அங்குள்ள நெடுஞ்சாலையோடு இணைக்கும் சாலைகளும்கூட அதில் அடக்கம். கனடியக் கரையில் வசூலிக்கப்படும் கட்டணத்திலிருந்து அந்தச் செலவு காலப்போக்கில் மீட்கப்படும். கட்டுமானத்தையும் நிர்வாகத்தையும் வின்ட்சர்–டெட்ராய்ட் பால ஆணையம் என்னும் கனடிய அரசின் பொதுத்துறை நிறுவனம் ஏற்க, அது ஒப்பந்தப்படி நடக்கிறதா என்று கண்காணிக்க இரு தரப்பிலிருந்தும் மும்மூவராக ஆறு பேர் கொண்ட பன்னாட்டு ஆணையம் ஒன்று மேலே அமர்த்தப்பட்டது. ஒரு கரை பணம் போடுகிறது, இரு கரைகளும் உரிமை பெறுகின்றன, நடத்துபவரும் கண்காணிப்பவரும் வெவ்வேறு அமைப்புகள் என்னும் இந்தப் பிரிப்பு, நயாகராவின் சரிபாதிக் குழுக்களில் உள்ளார்ந்திருக்கும் முட்டுக்கட்டையைத் தவிர்க்கவே வகுக்கப்பட்டது போலத் தோன்றுகிறது.

ஐஸ் ஹாக்கி வீரர் கோர்டி ஹோவின் பெயரைத் தாங்கும் அந்தப் பாலத்தின் கட்டுமானம் 2018இல் தொடங்கியது. அது வடம் தாங்கும் பாலம். தொங்கு பாலத்தில் இரு கோபுரங்களுக்கு இடையே தாழ்ந்து தொங்கும் பெருவடத்திலிருந்து பாலத்தின் தளம் தொங்கவிடப்படும், இதிலோ கோபுரங்களிலிருந்து சாய்வாக இறங்கும் வடங்களே தளத்தை நேராகப் பிடித்துக்கொள்கின்றன. நடுக்கண் 853 மீட்டர், கோபுரங்களின் உயரம் 220 மீட்டர். 2024 ஜூனில் இரு கரைகளிலிருந்தும் நீண்டு வந்த தளங்கள் ஆற்றின் மேல் ஒன்றாகப் பொருத்தப்பட்டன. 570 கோடி கனடிய டாலர் என்று தொடங்கிய ஒப்பந்தத் தொகை 640 கோடியாக உயர்ந்தது. பாலத்தின் அடிவாரத்திலுள்ள டெட்ராய்ட்டின் டெல்ரே, வின்ட்சரின் சாண்ட்விச் ஆகிய எளிய குடியிருப்புப் பகுதிகளுக்கென்று 2 கோடி கனடிய டாலர் ஒதுக்கப்பட்டது. புழுதியையும் இரைச்சலையும் தாங்கிய மக்களுக்கு அது போதுமானதா என்பது வேறு கேள்வி. ஆனால் அப்படி ஒரு கடமை இருப்பதை ஒப்புக்கொண்டதே பெரும் பாலத் திட்டங்களில் அரிது.

பழைய பாலம் ஒன்றையே நம்பியிருப்பதன் ஆபத்து 2022 பிப்ரவரியில் வெளிப்பட்டது. கோவிட் கட்டுப்பாடுகளை எதிர்த்தவர்கள் அம்பாசடர் பாலத்தின் கனடிய முனையில் வண்டிகளை நிறுத்தி ஏறத்தாழ ஒரு வாரம் வழியை அடைத்தனர். உதிரிபாகங்கள் வந்து சேராததால் இரு நாடுகளிலும் கார் ஆலைகள் உற்பத்தியைக் குறைத்தன; ஒன்டாரியோ மாகாணம் நெருக்கடி நிலையை அறிவித்தது; நீதிமன்றத் தடையாணையும் காவல்துறையும் சேர்ந்தே வழியைத் திறந்தன.

ஐரோப்பாவில் வேறொரு முறை கையாளப்பட்டது. டென்மார்க்கின் கோபன்ஹேகனையும் ஸ்வீடனின் மால்மோவையும் இணைக்கும் ஓரெசுண்ட் இணைப்பு 2000 ஜூலை 1 அன்று திறக்கப்பட்டது. கப்பல் வழியையும் விமான நிலையத்தையும் கருதி, ஏறத்தாழ 8 கிலோமீட்டர் பாலம், பெபர்ஹோல்ம் என்னும் செயற்கைத் தீவு, கடலடிச் சுரங்கம் என மூன்று பகுதிகளாக அது அமைந்தது. 1991 உடன்படிக்கைப்படி, இரு அரசுகளுக்கும் சொந்தமான நிறுவனங்கள் சரிபாதிப் பங்கு வைத்துள்ள ஒரு கூட்டு நிறுவனம் இதன் உரிமையாளர். அது சந்தையில் வாங்கிய கடனுக்கு இரு அரசுகளும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பிணை நிற்கின்றன. அதாவது ஒரு நாடு தவறினால் மற்றது முழுக் கடனையும் ஏற்க வேண்டும். கடன் கொடுத்தவர்களுக்கு இது தந்த நம்பிக்கையால் வட்டி குறைந்தது. நிதி ஏற்பாடு என்ற அளவில் எல்லைப் பாலங்களில் இதற்கு இணையாகச் சொல்லத்தக்கவை மிகச் சில. ஆனால் 2016 ஜனவரியில், அகதிகள் வருகையை முன்னிட்டு ஸ்வீடன் அடையாள அட்டைச் சோதனையைக் கட்டாயமாக்கியபோது, கடவுச்சீட்டின்றி அன்றாடம் வேலைக்குச் சென்று வந்தவர்கள் விமான நிலைய ரயில் நிலையத்தில் இறங்கி வரிசையில் நின்று வேறு ரயில் பிடிக்க வேண்டியதாயிற்று. 2017 மே வரை இது நீடித்தது. நேர்த்தியாக வகுக்கப்பட்ட பால நிறுவனத்துக்கும் இதில் சொல்வதற்கு உரிமை ஏதும் இருக்கவில்லை. 2020 மார்ச் முதல் அமெரிக்க–கனடிய எல்லை மூடப்பட்டபோதும் இதுவே நேர்ந்தது: கட்டணத்தை மட்டும் நம்பிய நயாகரா ஆணையங்களின் வருமானம், அவை எடுக்காத முடிவால் சரிந்தது.

தமிழர்கள் பெருந்திரளாக அன்றாடம் கடக்கும் எல்லை இணைப்பு என்றால் அது ஜோகூர்–சிங்கப்பூர் கடற்பாலமே. பாறைகளை இட்டு நிரப்பிக் கட்டிய, ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட இக்கடற்பாலம் 1924இல் முறைப்படி திறக்கப்பட்டபோது, இரு முனைகளும் பிரிட்டிஷ் ஆதிக்கத்தில் இருந்தன. 1965இல் சிங்கப்பூர் தனி நாடானபின், ஒரே ஆதிக்கத்தின் கீழ் கட்டப்பட்ட வழி இரு நாடுகளின் எல்லையாக மாறியது. விடியுமுன்னரே ஜோகூர் பாருவிலிருந்து மோட்டார் சைக்கிள்களில் கிளம்பி, மழைக்கோட்டும் தலைக்கவசமுமாகச் சாவடித் தடங்களில் அங்குலம் அங்குலமாக நகரும் மலேசியத் தொழிலாளர்களில் தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்தோர் பலர். அவர்களுக்கு அந்த வரிசையில் கழியும் நேரம் ஊதியமில்லாத வேலை நேரமே.

இங்கே கூட்டு ஆணையம் எதுவும் பாலத்தை நடத்துவதில்லை. அவரவர் பாதி அவரவருக்கு. அதன் விளைவுகளை இரு நிகழ்ச்சிகள் காட்டும். மலேசியா தன் பாதியை இடித்துக் கப்பல் செல்லும் உயரத்தில் பாலமாக எழுப்ப விரும்பியது. சிங்கப்பூர் தன் பாதியை மாற்ற இசையாததால், உயர்ந்து வளைந்து சிங்கப்பூரின் பாதியில் வந்து சேரும் 'வளைந்த பாலம்' திட்டம் உருவானது. 2006 ஏப்ரலில் அது கைவிடப்பட்டது. 2014 ஆகஸ்டில் மலேசியா தன் முனையில் கட்டணத்தை உயர்த்த, அதற்கு ஈடாகச் சிங்கப்பூரும் அக்டோபரில் உயர்த்தியது; முதல் உயர்வின்போதே தொழிலாளர் பேருந்துகள் சில கடக்க மறுத்து, பலர் கடற்பாலத்தை நடந்தே கடந்தனர். ஒரு தரப்பு கட்டணத்தைக் கூட்டினால் மறுதரப்பும் கூட்டும் இந்த வழக்கத்தில் அரசுகளுக்கு இடையே கணக்கு நேராகலாம். இரு முறையும் பணம் கொடுப்பவர் ஒருவரே என்பதை எந்தத் தரப்பின் கணக்கும் காட்டுவதில்லை.

எனினும் சாவடி நிர்வாகத்தில் சிங்கப்பூரின் முயற்சி பாராட்டத்தக்கது. குடிநுழைவையும் சுங்கச் சோதனையையும் 2003இல் ஒரே ஆணையமாக இணைத்தது; 2024 மார்ச்சில் கார்ப் பயணிகள் கடவுச்சீட்டுக்குப் பதிலாகக் கைப்பேசியில் கியூஆர் குறியீட்டைக் காட்டும் முறையைக் கொண்டுவந்தது. நால்வர் உள்ள காருக்கு இதனால் மிச்சமாவது ஏறத்தாழ 20 விநாடிதான். ஆனால் ஆயிரக்கணக்கான வண்டிகளின் வரிசையில் அந்த 20 விநாடிகள் கூடிப் பெருகும். இதைவிட அடிப்படையான மாற்றம், உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் புக்கிட் சாகாருக்கும் இடையே கட்டப்பட்டுள்ள ஆர்டிஎஸ் ரயில் இணைப்பு. மணிக்கு ஒரு திசையில் 10,000 பேர் வரை ஏற்றிச்செல்லும் வகையில் திட்டமிடப்பட்ட அதில், புறப்படும் நிலையத்திலேயே இரு நாட்டு அதிகாரிகளும் அடுத்தடுத்து அமர்ந்து சோதனையை முடிப்பர்; இறங்கும் இடத்தில் மீண்டும் வரிசை கிடையாது. இரு நாட்டு நிறுவனங்களின் கூட்டு முயற்சியே அதை இயக்கவும் வகுக்கப்பட்டது.

சோதனையை ஒரே இடத்தில் முடிக்கும் இந்த எண்ணத்தை ஆப்பிரிக்காவும் தன் பெருவழிகளில் நடைமுறைப்படுத்தியது. சாம்பேசி ஆற்றில் ஜாம்பியாவும் ஜிம்பாப்வேயும் சந்திக்கும் சிருண்டுவில் 2009 டிசம்பரில் 'ஒரே நிறுத்தச் சாவடி' தொடங்கியது: நாட்டை விட்டு வெளியேறும் சோதனையையும் மறுநாட்டில் நுழையும் சோதனையையும் நுழையும் கரையிலுள்ள ஒரே வளாகத்தில் முடிப்பது இதன் பொருள். அதே ஆற்றின் மேற்பகுதியில், போட்ஸ்வானாவும் ஜாம்பியாவும் ஏறத்தாழ 150 மீட்டர் மட்டுமே எல்லையைப் பகிரும் கசுங்குலாவில், மிதவைப் படகு ஒரு நடைக்கு ஓரிரு சரக்கு வண்டிகளை மட்டும் ஏற்றிச்செல்ல, ஓட்டுநர்கள் நாட்கணக்கில் கரையில் கிடந்தனர். 2021 மே 10 அன்று திறக்கப்பட்ட 923 மீட்டர் பாலம் நேராகச் செல்லாமல் ஆற்றின் மேல் வளைகிறது. ஜிம்பாப்வேயின் எல்லைக்குள் ஒரு தூண்கூட விழக் கூடாது என்பதே அந்த வளைவுக்குக் காரணம். ஆனால் பாலத்தோடு சாவடியும் சேர்ந்தே திட்டமிடப்பட்டது. கடன் கொடுத்த ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கியும் ஜப்பானிய நிதியமைப்பும் இரண்டையும் ஒரே திட்டமாகவே கண்டன. டெட்ராய்ட்டின் புதிய பாலத்தைப் போலவே இங்கும் பாலமும் சாவடியும் ஒரே திட்டத்தில் அடங்கின.

இந்த ஒழுங்கைத் தவறவிட்டதற்குத் தெற்காசியாவில் எடுத்துக்காட்டு, திரிபுராவின் சப்ரூமையும் வங்கதேசத்தின் ராம்கரையும் இணைக்கும் மைத்ரி சேது. பெனி ஆற்றின் மீது 133 கோடி ரூபாயில் எழுந்த 1.9 கிலோமீட்டர் பாலம் 2021 மார்ச்சில் திறந்துவைக்கப்பட்டது. சப்ரூமில் தரைத் துறைமுகம், அதாவது சுங்கம், குடிநுழைவு, கிடங்கு ஆகியவை ஒருங்கே அமைந்த எல்லை வளாகம், திறக்கப்பட்டதோ 2024 மார்ச்சில். இத்தகைய வளாகங்களுக்கென்றே 2010 சட்டத்தின்படி அமைந்து, 2012 முதல் இயங்கும் இந்தியத் தரைத் துறைமுக ஆணையம் இருந்தும், பாலம் ஒரு நிறுவனத்தின் பொறுப்பு, சாவடி மற்றொன்றின் பொறுப்பு என்ற பிரிவினையில் மூன்றாண்டுகள் கழிந்தன.

பாக் நீரிணையின் குறுக்கே இந்தியாவையும் இலங்கையையும் பாலத்தால் இணைக்கும் பேச்சும் இப்பின்னணியிலேயே எடைபோடப்பட வேண்டும். 2023 ஜூலையில் இரு நாடுகளும் வெளியிட்ட கூட்டு அறிக்கை, தரைவழி இணைப்புக்கான சாத்தியக்கூற்று ஆய்வைக் குறிப்பிட்டது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், தனுஷ்கோடி வரை ரயிலும் அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும் என்று 1964 டிசம்பர்ப் புயல் வரை இயங்கிய வழியில், எல்லைச் சோதனையின் மிகக் கடுமையான வடிவம் ஒன்று ஏற்கெனவே நிலவியது. தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர்களை இலங்கை அரசு, இந்தியக் கரையிலிருந்த மண்டபம் முகாமில் தன் பொறுப்பிலேயே நாட்கணக்கில் தங்கவைத்து, மருத்துவச் சோதனையும் தடுப்பூசியும் முடித்தே கப்பலேற்றியது. ஒரு நாட்டின் அதிகாரிகள் மறுநாட்டு மண்ணில் அமர்ந்து சோதிக்கும் ஏற்பாடு நமக்குப் புதிதல்ல. ஆனால் அங்கே தொழிலாளியின் முறையீட்டைக் கேட்க எந்தக் கரையிலும் ஆளில்லை. அமைதிப் பாலத்தில் அமெரிக்க அதிகாரிகளைக் கனடியக் கரையில் அமர்த்தும் பேச்சுவார்த்தை 2007இல் முறிந்ததும் இந்த இடத்திலேதான்: சோதனை மேடை வரை வந்து, பின் கடக்க வேண்டாமென்று திரும்பிச் செல்ல நினைக்கும் ஒருவரை, கனடிய மண்ணில் நிற்கும்போதே தடுத்து அவரது விரல்ரேகையை அமெரிக்க அதிகாரி எடுக்கலாமா என்பதில் இரு தரப்பும் ஒத்துப்போகவில்லை. பாக் நீரிணைக்கான உடன்படிக்கை என்றேனும் எழுதப்படுமானால், தூண்களின் இடத்தைக் குறிப்பதற்கு முன்னரே, சோதனை மேடையில் நிற்பவருக்கு எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும், அவர் யாரிடம் முறையிடலாம் என்பதும், அந்தக் கடலை நம்பி வாழும் இரு கரை மீனவர்களுக்கு ஆணையத்தில் எத்தனை இடங்கள் என்பதும் அதன் முதல் பிரிவுகளில் இடம்பெற வேண்டும்.